படிப்பதும் எழுதிக் காட்டுவதும்: வேலையில் வளர நினைப்பவர்கள் என்னிடம் கேட்டவை

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு யூனிட்டில் 16 வருஷம் தரப்பிரிவில் இருந்தேன். கடைசி 6 வருஷம் ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்கார்ந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். அங்கே பழக்கமானவர்கள், அவர்கள் அனுப்பிவைத்தவர்கள் என்று பலர் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அக்கா, பிசினஸ் புக்குன்னா மொதலாளிங்க படிக்கிறதுதானே? மாசச் சம்பளக்காரனுக்கு அது எதுக்கு?

நாம் வேலை செய்யும் இடம் எதில் பணம் பார்க்கிறது, எதில் இழக்கிறது என்று தெரியாமலே பத்து வருஷம் ஓட்டிவிடலாம். ஆனால் ஒருவரை சூப்பர்வைசராக உயர்த்தலாமா என்று யோசிக்கும்போது மேலே இருப்பவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். சரக்கு ஏன் தேங்குகிறது, கஸ்டமர் ஏன் பில்லை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது இவருக்குப் புரிகிறதா என்று. இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நல்ல புத்தகம் சொல்லித் தரும்.

கணக்கு, தரம், ஆட்களை நடத்துவது, விற்பனை, பேரம் எல்லாமே நான் சொல்லும் பிசினஸ் புத்தகத்தில் அடக்கம். மனதை மாற்றிக்கொண்டால் பணம் கொட்டும் என்கிற வகையை நான் சேர்ப்பதில்லை.

சரி, எதுல ஆரம்பிக்கிறது? ஒரு லிஸ்ட் குடுங்க.

லிஸ்ட் தருவதில்லை. லிஸ்ட் வாங்கிப்போன யாரும் முதல் புத்தகத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, இந்த மாதம் வேலையில் உங்களைத் தூங்கவிடாத தொல்லை ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியோடு நூலகத்துக்கு வந்து, அதற்குப் பதில் சொல்லும் புத்தகத்தைத் தேடுவோம்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் யூனிட்டில் நாலு மோல்டிங் பிரஸ் இரவு பகலாக ஓடும். பிசிறு வெட்டி முடிந்த பெட்டிகள் இன்ஸ்பெக்ஷன் மேசைக்கு முன்னால் மலையாகக் குவிந்துகிடக்கும். டெலிவரி தினமும் தாமதம். அப்போதுதான் கோல்ட்ராட் 1984-ல் எழுதிய 'தி கோல்' கைக்கு வந்தது. அது ஒரு தொழிற்சாலையில் நடக்கும் நாவல். மொத்த வேலையும் நெருக்கடியான ஒரு முனையின் வேகத்தில்தான் நகரும், மற்ற மெஷின்களை எவ்வளவு ஓட்டினாலும் அந்த முனைக்கு முன்னால் குவியல்தான் கூடும் என்பது அதன் சாரம். எங்களுக்கு அந்த முனை இன்ஸ்பெக்டர். அவர் அளவு பார்த்த நேரத்தைவிட பெட்டி தூக்கிவந்த நேரமும் லேபிள் எழுதிய நேரமும் அதிகம். அந்த இரண்டுக்கும் ஒரு பையனைப் போட்டோம். மூன்று வாரத்தில் குவியல் கரைந்தது.

இதே பாடம் நம் மதுரை அண்ணா நகரிலேயே இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கிடைப்பதற்கு அரிது, அறுவை செய்யும் டாக்டரின் நேரம். அதனால் டாக்டர் அறுவையை மட்டும் செய்வார். மற்ற வேலைகளை, கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் இலவச சிகிச்சையும் நடக்கும். 1993-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக எழுதியது. நம் பாட்டிமார் கண்புரை எடுத்துக்கொண்ட இடம் அது.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். முடியுமா?

முடியும். தமிழில் மொழிபெயர்ப்பு நன்றாக இருந்தால் அதையே படியுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்கும் புத்தகம் என்றால் முழுதாக இறங்காதீர்கள். பொருளடக்கத்தைப் பார்த்து உங்கள் தொல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். இந்த வகைப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சில வார்த்தைகள்தான். மார்ஜின் (விற்பனையில் நிற்கும் லாப விகிதம்), இன்வென்டரி (கையிருப்புச் சரக்கு), கேஷ் ஃப்ளோ (பணம் வருவதும் போவதும்) இவை பிடிபட்டுவிட்டால் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள்.

வார்த்தைதான் புதிது, பொருள் புதிதில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வரத்து அதிகமான நாளில் மிஞ்சிய மல்லிகை சென்ட் ஃபேக்டரிக்கு என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு, விற்காத சரக்கு பணத்தைத் தின்னும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு புக்கு 500, 600 சொல்றாங்களே?

வாங்கியே தீரவேண்டும் என்று யார் சொன்னது? 2023 ஜூலையில் திறந்த நத்தம் சாலை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி எடுத்துப் போகலாம். வாங்குவதாக இருந்தால் தமுக்கத்தில் வருஷாவருஷம் புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்குங்கள், வழக்கமாக 10 சதவீதம் கழிவு உண்டு. பங்குச் சந்தையில் இருக்கும் எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையும் இணையத்தில் இலவசம். அதைப் படிக்கப் பழகியவர் இன்டர்வியூவில் கேட்கும் கேள்வியே வேறு தரத்தில் இருக்கும். கப்பலூர் மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது அனுபவம்.

யூடியூப்ல பத்து நிமிஷத்துல சுருக்கமே கிடைக்குதே, எதுக்கு 300 பக்கம்?

எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று முடிவு செய்ய சுருக்கம் போதும். ஒரு யோசனை எந்த இடத்தில் எடுபடாமல் போனது, அதை எப்படித் திருத்தினார்கள் என்பது சுருக்கத்தில் வராது. உங்கள் பட்டறையில் உங்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். 'நெருக்கடி முனையைக் கண்டுபிடி' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் இன்ஸ்பெக்ஷன் மேசையைப் பார்த்திருக்கமாட்டேன், பிரஸ்ஸைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

படிக்கிறப்ப எல்லாம் புரியுது. மூடி வச்சா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 80 பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் புத்தகத்திலிருந்து ஒரு யோசனையை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வேலையில் அதைச் செய்துபார்த்த பிறகு அங்கே நாலு விஷயம் வரவேண்டும்: தேதி, முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், பிறகு என்ன ஆனது. எண் இருந்தால் எண். யோசனை பலிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வலப்பக்கம் நிரம்பாமல் அடுத்த புத்தகத்துக்குப் போகாதீர்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. கப்பலூருக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தேன். அங்கே அப்ரைசலில் 'இந்த வருஷம் என்ன செஞ்சீங்க' என்று கேட்டார்கள். வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறேன், ஆனால் மார்ச் மாதம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோது கடைசி ஆறு வாரத்து வேலைதான் நினைவில் இருந்தது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவர் கையில் தேதிவாரியாக ஒரு தாள் இருந்தது. அன்று மாலையே கடைக்குப் போய் நோட்டு வாங்கினேன்.

கீழே ரெஸ்யூமே பற்றி நான் சொல்லப்போவதற்கெல்லாம் இந்த வலப்பக்கம்தான் சரக்கு.

புக்குல இருக்கறது எல்லாம் ஜெயிச்ச கம்பெனி கதை. அதை நம்பி நடக்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஜிம் காலின்ஸ் 2001-ல் எழுதிய 'குட் டு கிரேட்' உலகம் முழுக்க விற்றது. சாதாரண நிலையிலிருந்து உயர்ந்த 11 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொதுவானது என்ன என்று ஆராய்ந்த புத்தகம். அந்த 11-ல் ஒன்றான, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நடத்திய சர்க்யூட் சிட்டி 2008-ல் திவால் மனு கொடுத்தது, மறுவருஷம் கடைகளை மொத்தமாக மூடியது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை 2008-ல் அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிற்கவைத்துக் காரணம் தேடினால், அதே குணங்களோடு தோற்றவர்கள் கணக்கில் வருவதில்லை.

ஆகவே படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இது பலித்ததற்கு அந்த ஊரில், அந்தத் தொழிலில் என்ன இருந்தது, என்னிடம் அது இருக்கிறதா? மிச்சத்தை உங்கள் வலப்பக்கம் சொல்லிவிடும்.

ரெஸ்யூமேல என்ன எழுதுறதுன்னே தெரியல. நான் பெருசா ஒண்ணும் செய்யலையே.

என்னிடம் வந்த ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவை வேலையின் பெயரைத்தான் சொல்லின, வேலை செய்தவரைச் சொல்லவில்லை. 'தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பு', 'தினசரி ரிப்போர்ட் தயாரித்தல்'. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்ததால் என்ன மாறியது? அந்த வரி வேண்டும்.

ஒரு தம்பி 'கஸ்டமர் புகார்களைக் கையாண்டேன்' என்று எழுதியிருந்தார். உட்காரவைத்துப் பேசினேன். எவ்வளவு புகார் வரும்? மாதம் நாற்பது போல. இப்போது? பன்னிரண்டு, பதிமூன்று. ஏன் குறைந்தது? 'அதுவா, முக்காவாசிப் புகார் பேக்கிங்ல சைஸ் கலந்து போனதுக்குத்தான். ரெண்டு சைஸுக்கும் வேற வேற கலர் கவர் போடச் சொன்னேன்.' இவ்வளவு பெரிய விஷயத்தை அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: 'இரண்டு அளவுகளுக்கும் வேறு நிறக் கவர் கொண்டுவந்து, மாதம் சுமார் 40 ஆக இருந்த புகாரை 6 மாதத்தில் 13-க்குள் குறைத்தேன்.' ஒரு துளி பொய் இல்லை.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஐந்தாறு வருஷ அனுபவம்வரை ஒரு பக்கம், அதற்குமேல் இரண்டு. பெரிய கம்பெனிகளில் முதலில் சாஃப்ட்வேர்தான் படிக்கும் என்பதால் கட்டம், இரட்டைப் பத்தி, படம் வேண்டாம். அப்பா பெயர், மதம், சாதி, ஆதார் எண், 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' எதுவும் தேவையில்லை. அரசு விண்ணப்பம் வேறு, அதில் கேட்டதைக் கேட்டபடி நிரப்புங்கள்.

நம்மளப் பத்தி நாமளே சொல்றது தற்பெருமை இல்லையா? எங்க வீட்ல அப்படி வளக்கலக்கா.

என்னையும் அப்படி வளர்க்கவில்லை. இந்தக் கேள்விக்கு நம் இலக்கணமே பதில் சொல்லியிருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், எவ்வளவு படித்துச் சாதித்திருந்தாலும் ஒருவன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். அடுத்த சூத்திரத்திலேயே நாலு இடங்களில் மட்டும் தகும் என்று விலக்குத் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதத்தில் வென்றாக வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது.

முதலாவது ரெஸ்யூமே, இரண்டாவது இன்டர்வியூ. எனக்கு இதைப் படித்த அன்று மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உங்களைத் தெரியாத ஒருவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பது அடக்கம் ஆகாது. அவர் முடிவெடுக்கத் தேவையான தகவலைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

என் வேலைல நம்பரே கிடையாதே? நான் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்கேன்.

ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு டோக்கன் போடுகிறீர்கள்? புதிதாகச் சேர்ந்த எத்தனை பேருக்கு நீங்கள் வேலை பழக்கினீர்கள்? எத்தனை மாதமாகக் கேஷ் கவுண்டர் கணக்கு பிசகாமல் இருக்கிறது? அளவு, நேரம், பிழை, எத்தனை பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்ற நாலு பக்கமும் தேடினால் எண் இல்லாத வேலையே இல்லை. அப்படியும் கிடைக்கவில்லை என்றால் உங்களிடம் மட்டும் ஒப்படைக்கும் வேலை எது என்று எழுதுங்கள். சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் ஒரு சான்றுதான்.

டீமா செஞ்சதை நான் செஞ்சேன்னு போடலாமா?

கூடாது. 'ஐந்து பேர் குழுவில் அளவெடுக்கும் பகுதியை நான் பார்த்தேன்' என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே உண்மை வெளியே வந்துவிடும். 'அந்த முடிவை ஏன் எடுத்தீங்க' என்று கேட்டால் எடுத்தவருக்குத்தான் பதில் தெரியும்.

படிச்ச புக்கு பேரை ரெஸ்யூமேல போடலாமா?

வேண்டாம். வலப்பக்கத்தில் இருப்பதைப் போடுங்கள். 'இந்த யோசனை எங்கேருந்து வந்துச்சு' என்று கேட்டால் அப்போது புத்தகத்தைச் சொல்லுங்கள். அந்த வரிசையில் சொன்னவர்களை நான் மறந்ததே இல்லை.

லிங்க்ட்இன்ல போட்டா எங்க ஆபீஸ்ல தெரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு. ஆனால் உங்கள் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன்னே உத்தரவாதம் தருவதில்லை. இரண்டு வருஷம் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் மாற்றினால்தான் எல்லார் கண்ணிலும் படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டிலிருந்து ஒரு வரி சேர்த்துக்கொண்டே வாருங்கள். விவரப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தேடுபவர்கள் அந்த வார்த்தைகளில்தான் தேடுகிறார்கள். நீங்கள் கற்றதை எழுதும் பதிவு தமிழில் தாராளமாக இருக்கலாம்.

கம்பெனி நம்பரை வெளிய சொல்றது தப்பில்லையா?

விலை, லாபம், கஸ்டமர் பெயர், டிராயிங், உள்ளே எடுத்த போட்டோ எதுவும் வெளியே போகக்கூடாது. 'மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது', 'ஒரு வாகன உதிரிபாக வாடிக்கையாளர்' என்று எழுதலாம். இன்டர்வியூவில் துருவினால் 'அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் அதற்காகவே மதிப்பார்கள்.

குழந்தைக்காக நாலு வருஷம் வேலையை விட்டேன். அந்த இடைவெளியை எப்படி மறைக்கிறது?

மறைக்காதீர்கள், அம்மா. '2019–2023: குடும்பப் பொறுப்பு' என்று ஒரே வரி. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அவர்களுக்கு இருக்கும் உண்மையான சந்தேகம், உங்கள் வேலை அறிவு இன்றைய தேதிக்கு இருக்கிறதா என்பதுதான். அதற்குப் பதில் கொண்டுபோங்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த ஒருவர் 2019-ல் விலகினார். பில்லை ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவுசெய்யும் இ-இன்வாய்ஸ் முறை அப்போது நடைமுறைக்கே வரவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய யூனிட்டுகளுக்கும் அது கட்டாயம். அவர் இரண்டு மாதம் அதை மட்டும் உட்கார்ந்து படித்து, தெரிந்தவர் கடைக்குச் செய்து பழகிவிட்டு இன்டர்வியூவுக்குப் போனார். நாலு வருஷத்தைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்களாம்.

எனக்கு ரெண்டு வருஷ அனுபவம். மூணுன்னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?

பி.எஃப். கணக்குக்குத் தெரியும். எத்தனை கம்பெனி மாறினாலும் உங்கள் 12 இலக்க யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) ஒன்றுதான். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதன்கீழ் வரிசையாக இருக்கும். பின்னணி சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆஃபர் வாங்கி, பழைய வேலையையும் விட்ட பிறகு இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பொறுக்காது. 20 பேருக்குக் கீழே இருக்கும் சின்ன யூனிட்டில் பி.எஃப். பிடித்திருக்கமாட்டார்கள். அப்போது வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.

எங்க மொதலாளிக்கு அப்ரைசல்னா என்னன்னே தெரியாது. தீபாவளி போனஸோட சரி. அவர்ட்ட எப்படிக் கேக்குறது?

மதுரையில் நிறையப் பேர் குடும்பத் தொழிலில்தான் வேலை பார்க்கிறார்கள், அதனால் எனக்கு இது முக்கியமான கேள்வி. இங்கே ரெஸ்யூமே செல்லாது, அவருக்கு உங்களைத் தெரியும். நன்னூலின் விலக்கு இங்கே பொருந்தாது, குரலை உயர்த்த வேண்டியதும் இல்லை. தமிழில் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். மேல்பாதியில் நீங்கள் சேர்ந்தபோது பார்த்த வேலையும் இன்று பார்க்கும் வேலையும். கீழ்ப்பாதியில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து மூன்று வரி. சீசன் நெரிசலிலோ மற்றவர்கள் முன்னாலோ கொடுக்காதீர்கள். கடை சாத்தும் நேரத்தில், 'அண்ணாச்சி, பத்து நிமிஷம் வேணும்' என்று கேட்டு உட்காருங்கள். ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். சம்பளம் என்றால் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக் கடையில் எவ்வளவு தருகிறார்கள் என்ற பேச்சு வேண்டாம்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் சரக்கு பார்க்கும் தம்பி ஒருவர், விற்காமல் தேங்கியிருப்பதை மட்டும் தனியாக எழுதத் தொடங்கினார். எந்த ரகம், எப்போது வந்தது, எவ்வளவு பணம் முடங்கியிருக்கிறது என்று. ஐப்பசி முடிந்து கடை ஓய்ந்ததும் அந்தத் தாளோடு உட்கார்ந்தார். அந்த மாதம் சம்பளம் ஏறவில்லை. தை மாதம் முதலாளி கொள்முதலுக்கு சூரத் போனபோது அவரையும் கூட்டிப்போனார்.